பிறேக்கில் காற்று எடுத்தல்: துணைக்கு ஆளில்லாத வீடுகளுக்காக

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கீழே படுத்துக் கிடக்கும் பழக்கம் எம்மவருள்ளும் சிலருக்கு வாய்த்துவிட்டது. இந்நாட்டவர் அதனைப் பொழுதுபோக்கு என்பர். எம்மவருக்கோ அதில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் ஓடியதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 1990 இல் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் காணாப்பொருளான பின்னரும், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை அக்கார்கள். புகை கக்கியபடி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் எம்மைக் கொண்டுசென்ற அந்த வட்ட முகத்தை இலண்டன் தெருவொன்றில் மறுபடி காணும்போது, கையில் இருக்கும் காசைக் கொடுத்துவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று மனம் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஓட வைப்பதற்கு அறிவுரை சொல்ல ஆட்கள் பலர் உளர். நாம் இங்கு எழுத முற்படுவது நிறுத்துவதைப் பற்றி. அதிலும் குறிப்பாக, ஊரில் ‘எயர் எடுக்கிறது’ என்று மெக்கானிக்மார் சொல்லும் வேலையை, அதாவது பிறேக் குழாய்களில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் வேலையை, வீட்டில் ஒருவர் தனியாகச் சிரமமின்றிச் செய்வது எவ்வாறு என்பதே எமது பொருள். எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரை வைத்துக்கொள்கிறோம். 1948 இல் வெளிவந்து, 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டு, 16 இலட்சத்துக்கும் மேல் விற்பனையான கார் அது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பதும் எம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஏன் இவ்வளவு அக்கறை?

இந்நாட்டில் மூன்று ஆண்டுகள் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. என்னும் தகுதிச் சோதனைக்குச் செல்லவேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு இச்சோதனை கட்டாயமில்லை. பணம் மிச்சம் என்று பலர் மகிழ்ந்தனர். எமக்கோ அதில் பாதி மகிழ்ச்சிதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிந்த ஒருவர் காரின் அடியைப் பார்த்து, ‘இந்தக் குழாய் துருப்பிடித்துவிட்டது’ என்று சொல்லும் வாய்ப்பு அதனுடன் போய்விட்டது. சோதனையிலிருந்து விலக்கு உண்டே தவிர, பொறுப்பிலிருந்து விலக்கு இல்லை. ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று தண்டப் புள்ளிகளும் விதிக்க முடியும். விரும்பினால் பழைய காரையும் சோதனைக்குக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்லுங்கள் என்பதே எமது கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய கார்களில் பிறேக் திரவம் இரு தனி வழிகளில் செல்லும். ஒரு வழி அறுந்தாலும் மற்றையது காரை நிறுத்தும். மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே வழிதான். ஒரு சில்லில் ஏற்படும் ஒழுக்கு நான்கு சில்லுகளையும் பாதிக்கும். அதன் பின் எஞ்சுவது கம்பியால் இழுபடும் கைப்பிறேக் மட்டுமே. பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் கார் என்றால் இதை ஒருமுறைக்கு இருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காற்றுத்தானா என்று முதலில் பாருங்கள்

திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் கண்டறிந்த விதியே பிறேக்கின் அடிப்படை. காலால் நாம் கொடுக்கும் அழுத்தம் மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியே சென்று சில்லில் உள்ள சிறு சிலிண்டர்களைத் தள்ளுகிறது. இடையில் ஒரு குமிழி இருந்தால், எமது கால்வலு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவழிந்துவிடும்.

ஆனால் மிதி கீழே போகிறது என்றவுடன் ‘எயர் போட்டுது’ என்று முடிவுகட்டுவது எம்மவரிடையே பரவலான தவறு. மிதியைக் காலால் கேட்டுப் பார்க்க வேண்டும். அது நான்கு விதமாகப் பதில் சொல்லும்.

அழுத்தும்போது பஞ்சுபோல் நெகிழ்ந்து, மீண்டும் மீண்டும் அழுத்தினால் சிறிது சிறிதாக மேலே வருமானால் அது பெரும்பாலும் காற்று. வெகுதூரம் வெறுமையாகப் போய் அதன் பின் கல்லைப்போல் இறுகுமானால் அங்கு காற்று இல்லை. பிறேக் சூக்கள் தேய்ந்து டிரம்மை விட்டு விலகி நிற்கின்றன. அவற்றை நெருக்கிவிட்டால் போதும். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்க, மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் ஒழுக்கு உண்டு. வெளியே ஈரம் தெரிந்தால் குழாயிலோ சில்லுச் சிலிண்டரிலோ, தெரியாவிட்டால் மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளே உள்ள றப்பர் வாசரில். இவ்விரண்டு நிலையிலும் எத்தனை போத்தல் பிறேக் ஒயில் ஊற்றி எயர் எடுத்தாலும் பயனில்லை. நான்காவது, மிதி நன்றாக இருந்தும் காலை எடுத்த பின் சில்லு இறுகியே நிற்பது. அப்போது பழைய றப்பர் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருக்கலாம். அல்லது மாஸ்ரர் சிலிண்டர் மூடியில் உள்ள சிறு மூச்சுத்துளை அழுக்கால் அடைபட்டிருக்கலாம். மூடியைக் கழற்றி அத்துளையை ஊசியால் சுத்தம் செய்து பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது நிலையை மீண்டும் வலியுறுத்த விரும்புகிறோம். மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளும் டிரம் பிறேக்குகளே. சூக்கள் தேயத் தேய அவை தாமாக நெருங்கா. நாமே நெருக்க வேண்டும். சில்லைக் கழற்றினால் டிரம்மின் முகப்பில் ஒரு துளை தெரியும். டிரம்மைச் சுற்றி அத்துளையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்குறூ றைவரை உள்ளே விட்டால் நெருக்கும் திருகில் அது பொருந்தும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இவ்வாறு இரண்டு திருகுகள். பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. முன்புறத்து இரண்டாவது திருகை மறந்துவிடுவோர் பலர்.

இப்பொழுது கட்டுரையின் முதலாவது உபாயத்துக்கு வருகிறோம். எயர் எடுக்கத் தொடங்குமுன் எல்லாச் சூக்களையும் டிரம்மில் பூட்டும்வரை இறுக்கிவிடுங்கள். சில்லு சுற்றவே கூடாது. அப்போது சில்லுச் சிலிண்டர்களின் உள்ளே உள்ள பிஸ்டன்கள் அசைய இடமில்லை. அவை உள்ளொடுங்கி நிற்பதால் காற்று தங்கும் வெற்றிடமும் குறைகிறது. ஒவ்வொரு மிதிப்பிலும் தள்ளப்படும் திரவம் முழுவதும் வெளிவாயை நோக்கியே செல்லும். மணிக்கணக்கில் முயன்றும் பஞ்சாகவே இருந்த மிதி, இதைச் செய்த பின் அரை மணி நேரத்தில் இறுகிவிடுவதுண்டு. வேலை முடிந்த பின் ஒவ்வொரு திருகையும் சில்லு தடையின்றிச் சுற்றும்வரை ஒரு படி பின்வாங்க வேண்டும்.

டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளே உள்ள தூசை வாயால் ஊதவேண்டாம். பிரித்தானியாவில் 1999 இல் கல்நார் தடைசெய்யப்படுவதற்கு முன் செய்யப்பட்ட பிறேக் சூக்கள் அதில் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுக.

தரைக்குக் கீழே ஒரு கிணறு

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர்மீது எமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் மாஸ்ரர் சிலிண்டரைச் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டத்தினுள் ஒளித்து வைத்ததற்காக அவரை ஒருமுறையேனும் நொந்துகொள்ளாத மெக்கானிக் இருக்க முடியாது. விரிப்பைத் தூக்கி, சிறு தகட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் இருட்டில் அதன் மூடி தெரியும். அதனையே கழற்றிப் புதிதாக்க வேண்டுமென்றால் முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நின்று ஆணிகளை வெளியே வரவிடாது. அது வேறொரு கட்டுரைக்கான துன்பம்.

எயர் எடுப்பதில் பாதிச் சிரமம் இந்தக் கிணற்றால் வருகிறது. அதில் கொள்ளும் திரவம் மிகக் குறைவு. ஐந்தாறு தரம் மிதித்தவுடன் வற்றத் தொடங்கும். வற்றினால் புதிதாகக் காற்று உள்ளே புகும். செய்த வேலை முழுவதும் வீண். ஆகவே ஒவ்வொரு ஐந்தாறு மிதிப்புக்கும் ஒருமுறை எழுந்துவந்து குனிந்து ஊற்ற வேண்டும். ஊற்றும்போது தரையில் உள்ள மண்ணும் மயிரும் உள்ளே விழும். ஒரு மணல் துணிக்கை போதும், றப்பர் வாசரைக் கீறிவிட.

இதற்கு நாம் சொல்வது இவைதான். மூடியைத் திறக்குமுன் வீட்டில் விரிப்புக்குப் பாவிக்கும் தூசு உறிஞ்சியால் அந்தக் குழியை நன்றாக உறிஞ்சிவிடுங்கள். வீட்டம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நலம். மூடியைச் சுற்றி ஈரமற்ற பழந்துணியை அடைந்து வையுங்கள். போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல், மருந்துக்கடையில் வாங்கும் பெரிய ஊசிக்குழலின் முனையில் சாண் அளவு குழாயைப் பொருத்தி அதனால் திரவத்தை எடுத்து விடுங்கள். கை நடுங்கினாலும் வெளியே சிந்தாது. மட்டத்தைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடியும் ரோச் லைற்றும் போதுமானவை.

காரை நெடுநாள் வைத்திருக்க எண்ணுவோர் இன்னொன்றும் செய்யலாம். இயந்திர அறையின் பின்சுவரில் தனியாக ஒரு சிறு தொட்டியைப் பொருத்தி, அதிலிருந்து குழாய் மூலம் மாஸ்ரர் சிலிண்டரின் மூடிக்கு இணைக்கும் தொகுதி மொறிஸ் மைனர் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. அதன் பின் விரிப்பைத் தூக்கும் வேலையே இல்லை. முன்மூடியைத் திறந்தால் மட்டம் கண்ணுக்குத் தெரியும். பழமை கெட்டுவிடும் என்று முகம் சுளிப்போர் உண்டு. மட்டம் தெரியும் பிறேக், தெரியாத பழமையை விட மேலானது என்பது எமது துணிபு.

‘அமத்தும்... விடும்...’

வழமையான முறைக்கு இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து மிதியை அழுத்த, மற்றவர் சில்லின் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதி கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளிவந்த காற்று திரும்பி உள்ளே ஓடிவிடும். கேட்பதற்கு எளிது. நடப்பது வேறு. “அமத்தும்” என்று கணவர் கீழிருந்து குரல் கொடுக்க, “அமத்திட்டன்” என்று மனைவி மேலிருந்து சொல்ல, “விடும் எண்டு சொன்னனானே? ஏன் விட்டனீர்?” என்று அவர் சினக்க, “நீங்கள் சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை” என்று இவர் கதவைச் சாத்திவிட்டு எழுந்துபோக, அன்றைய வேலை அத்துடன் முடிந்துவிடும். பிள்ளையை அழைத்தால் “அப்பா, இன்னும் எத்தினை தரம்?” என்பதே பத்தாவது நிமிடத்தின் கேள்வியாக இருக்கும்.

சண்டையாவது பரவாயில்லை. எமது வீடுகள் பலவற்றில் சண்டை பிடிப்பதற்கே ஆளில்லை. ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்கு விடியற்காலை வேலை. கணவனும் மனைவியும் வாசலில் சந்தித்துச் சாவியைக் கைமாற்றிப் பிரியும் வாழ்க்கை. வளர்ந்த பிள்ளைகள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில். ஆதலால் ஒருவர் தனித்துச் செய்யும் முறையை அறிந்துவைத்திருப்பது எமக்கு இன்றியமையாதது.

அதற்கு முன் இரு முறைகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை. மிதியைத் தரைவரை அழுத்தாதீர்கள். நாளாந்த ஓட்டத்தில் மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் வாசர் ஒரு குறிப்பிட்ட தூரம் மட்டுமே ஓடும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் ஆண்டுக்கணக்கான துருவும் படிவும் இருக்கும். எயர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் வாசரின் மெல்லிய உதடு அந்தத் துருவின்மேல் ஏறிக் கிழிந்துவிடும். காலையில் வேலைசெய்த மாஸ்ரர் சிலிண்டர் மாலையில் கெட்டுப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மிதியின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அதற்கு மேல் போகாது. எமக்குத் தெரிந்த உபாயங்களுள் இதுவே மலிவானது.

தனியாகச் செய்யும் முறை

காரைச் சமதரையில் நிறுத்தி, ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் எவரும் தலையை நீட்டலாகாது. நிப்பிள்களைக் கம்பித் தூரிகையால் துடைத்து, முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து விடுங்கள். எண்ணெய் புறத்தே மட்டும். உள்ளே போகக் கூடாது. மறுநாள் முழுவட்ட ஸ்பானரால் மட்டுமே திருப்புக. வாய் திறந்த ஸ்பானர் நிப்பிளின் மூலைகளை வழித்துவிடும். இளக மறுத்தால் சுத்தியலால் மெல்லத் தட்டி, சிறிது இறுக்கி, பின்னர் தளர்த்துக. முரட்டுத்தனத்தில் முறிந்தால் சிலிண்டரையே மாற்ற நேரும்.

கடைகளில் சில பவுண்களுக்குக் கிடைக்கும் ஒருவழிக் குழாயை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் முனையில் உள்ள தடுக்கிதழ் திரவத்தையும் காற்றையும் வெளியே விடும், திரும்பவிடாது. இதைப் பாவித்துப் பார்த்துவிட்டு ‘இது ஒண்டுக்கும் உதவாது’ என்று எறிந்தவர்கள் பலர். குறை குழாயில் அன்று, பாவிக்கும் முறையில். நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேல் திறந்தால், மிதி மேலே வரும்போது புரியின் இடைவெளியால் காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. வெளியே தெரியும் புரியைச் சுற்றிச் சிறிது றப்பர் கிறீஸ் பூசிவிட்டால் அந்த வழியும் அடைபடும். குழாயை நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி ஒரு சாண் உயர்த்தி, வளைத்து, பிறகு கீழே ஜாம் போத்தலுக்குள் இறக்குங்கள். அப்போது நிப்பிளின் வாயில் எப்போதும் திரவமே நிற்கும். குமிழிகள் மேலே ஏறி வளைவுக்கு அப்பால் போய்விடும். போத்தலில் இரண்டு அங்குலம் புதிய பிறேக் ஒயில் விட்டு, குழாயின் முனை அதில் மூழ்கியிருக்கச் செய்யுங்கள். பின் உள்ளே சென்று அமர்ந்து, மிதியை ஆறுதலாக அழுத்தி, அதைவிட ஆறுதலாக விடுங்கள். வேகமாகக் குத்தினால் ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழிகளாக உடைந்து திரவத்தில் கலந்துவிடும். பிறகு அவற்றை வெளியேற்றுவது பெரும்பாடு.

இன்னொரு முறை அழுத்த முறை. உபரிச் சில்லின் ரயரில் உள்ள காற்றைக் கொண்டு, ஒரு போத்தலில் உள்ள திரவத்தை மாஸ்ரர் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி அது. மிதிக்கவே தேவையில்லை, நிப்பிளைத் திறந்தால் திரவம் தானாக வரும். ஊற்றிக்கொண்டே இருக்கும் தொல்லையும் இல்லை. ரயரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். பழைய காருக்குப் பத்துப் பன்னிரண்டே போதும். மொறிஸ் மைனரின் மூடிக்குப் பொருந்தும் இணைப்பு தனியாகத் தேட வேண்டியிருக்கும். போத்தலில் ஒயில் விடாமல் வெறுங் காற்றை மட்டும் கொடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள். மூடியில் காற்று கசிந்தால் அந்த இடத்தால் பின்னர் ஒயில் பீச்சியடிக்கும். அது படும் இடத்தில் பெயின்ற் உரியும்.

நிப்பிளைத் திறந்துவைத்துத் திரவம் தன் பாரத்தில் சொட்ட விடும் முறையையும் சிலர் சொல்வர். தொட்டி உயரத்தில் உள்ள கார்களுக்கு அது நல்ல முறை. மொறிஸ் மைனரில் தொட்டியே தரைக்குக் கீழ் இருப்பதால் பலன் குறைவு.

எந்தச் சில்லில் தொடங்குவது? மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ளதில். வலப்பக்கச் சுக்கானுள்ள காரில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை. ஐரோப்பாவில் இடப்பக்கச் சுக்கானுள்ள காரை வைத்திருப்போர் பக்கங்களை மாற்றிக்கொள்க. காரின் கைநூல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுக. முன் சில்லுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் ஒரு சிறு வளைந்த குழாயால் இணைக்கப்பட்டுள்ளன. காற்று ஒளிந்திருக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. முன் சில்லுகளில் குமிழி நின்ற பின்னும் மேலும் பத்துத் தரம் மிதித்து விடுங்கள்.

எந்த ஒயில்?

பெயர் ஒயில் என்றாலும் அது எண்ணெய் அன்று. இயந்திர ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி கலந்தாலும் றப்பர் வாசர்கள் அனைத்தும் ஊதிப்போகும். முழுத் தொகுதியையும் மாற்ற நேரும். டொட் 4 என்று குறித்த புதிய போத்தல் ஒன்று, ஒரு லீற்றர், முழு வேலைக்கும் போதும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் கொதிக்கும் திரவம், ஈரம் ஊறிய பின் 155 பாகை அளவிலேயே கொதிக்கக்கூடும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது அது குழாய்க்குள்ளேயே ஆவியாகி மிதி தரைக்குப் போவது இதனால்தான். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சென்ற ஆண்டு திறந்துவைத்த போத்தலில் மிஞ்சியதை ஊற்றாதீர்கள். ஜாம் போத்தலில் விழுந்ததைத் திரும்ப ஊற்றவே வேண்டாம். டொட் 5 என்பது சிலிக்கன் வகை. ஈரம் உறிஞ்சாது, பெயின்றை உரிக்காது. ஆனால் மற்றையதுடன் கலக்கலாகாது. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

எமது வீடுகளில் வெற்றுச் சோடாப் போத்தல்களை எறியாமல் பாவிக்கும் வழக்கம் உண்டு. கழிவுப் பிறேக் ஒயிலை அவற்றில் ஊற்றி வைக்க வேண்டாம். பார்வைக்கு அது குளிர்பானம் போலவே இருக்கும், உட்கொண்டால் நஞ்சு. ஒயில் வந்த போத்தலிலேயே விட்டு, இறுக மூடி, நகரசபையின் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். கழிகாலில் ஊற்றுவது சட்டவிரோதம். காரின் பெயின்றில் சிந்தியதைத் துடைத்தால் மட்டும் போதாது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இறுதிச் சோதனை

எல்லா நிப்பிள்களையும் மூடி, சூக்களைத் தளர்த்திச் சரிசெய்து, காரைத் தரையில் இறக்கிய பின், மிதியை முழுப் பலத்துடன் அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். தாழக் கூடாது. தாழ்ந்தால் அன்றைக்கு அந்தக் கார் வாசலைத் தாண்டக் கூடாது. நாளை எவரேனும் உறவினர் வீட்டுக் கொண்டாட்டம் இருந்தாலும் சரி. பஸ்ஸில் போகலாம். தாழாவிட்டால், ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்து, காரை மீண்டும் வாசலுக்குக் கொண்டுவருக.

அன்றிரவு செய்யத்தக்க ஒன்று உண்டு. பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு (மிதி அழுந்தியிருக்கும்போது பின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கக்கூடும்), மிதிக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு தடியை முட்டுக்கொடுத்து மிதியை அரைவாசி அழுத்திய நிலையில் விடியும்வரை விட்டுவிடுங்கள். எஞ்சிய நுண்குமிழிகள் ஒன்றுசேர்ந்து, காலையில் தடியை எடுத்தவுடன் தொட்டிக்குத் திரும்பிவிடுவதுண்டு என்பது அனுபவமுள்ளோர் கூற்று. அதைவிட முக்கியமான பயன் ஒன்று. இரவு நான்கு சில்லுகளின் கீழும் மாஸ்ரர் சிலிண்டரின் கீழும் ஒவ்வொரு வெள்ளைக் கடதாசியை விரித்து வையுங்கள். காலையில் ரோச் லைற்றுடன் சென்று சில்லுகளின் உட்புறத்தையும் கடதாசிகளையும் பாருங்கள். ஐந்தும் உலர்ந்திருந்தால் பற்றரியைப் பூட்டலாம்.